கண்ணாடிப் பெட்டியில் தேனிலவு

பத்தொன்பதாம் நாள் காலை எஸ்தர் டாட்டர்சாலைப் பார்க்க வந்த முதல் ஆள் ஒரு பல் டாக்டர். இரண்டு பென்னி கொடுத்து உள்ளே வந்தவர், கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "ஈறு வெளுத்துப் போச்சு பாரு, நம்மகிட்ட வந்தா நாலு பல்லப் புடுங்கிடலாம்" என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கூடாரத்துத் தெள்ளுப்பூச்சி சர்க்கஸுக்குப் போய்விட்டார்.

கண்ணாடி தடிமனானது. அவர் சொன்னது உள்ளே கேட்காது. ஆனால் எஸ்தர் பன்னிரண்டு வயதிலிருந்து ராம்ஸ்கிளஃப் பஞ்சாலையில் தறி ஓட்டியவள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூடத்தில் அடிக்கும்போது காது எதற்கும் உதவாது. அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் உதட்டை அசைத்தே பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே கேட்பார்கள். கல்யாணப் பேச்சு, பிள்ளைப்பேறு, ஊர் வம்பு எல்லாம் இந்த உதட்டுப் பேச்சில்தான் நடந்து முடியும். ஆகவே பத்தொன்பது நாளாக பிளாக்பூல் கடற்கரைக்கு வந்த சனம் தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்றுவிடாமல் அவளுக்குத் தெரியும். பாதிப் பேர் பாவம் என்றார்கள். மீதிப் பேர் ஏமாற்று வேலை என்றார்கள். ஒருத்தி மட்டும் திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்றாள்.

வாசலில் போர்டு இருந்தது: "பட்டினித் தேனிலவு! இருபத்தெட்டு நாள்! ஒரு கவளம்கூடக் கிடையாது! உண்மைத் தம்பதி!" உண்மைத் தம்பதி என்பது உண்மை. தேனிலவு என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. எஸ்தருக்கும் ஹெர்பர்ட்டுக்கும் கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. காட்சியை நடத்துகிற முதலாளி மிஸ்டர் பிம்லட் அதைப் பொருட்படுத்தவில்லை. வாடகைக்கு ஒரு கல்யாண கவுன் எடுத்து மாட்டிவிட்டார். அது எஸ்தரைவிட இரண்டு சுற்றுப் பெரியது. முதுகுப் பக்கம் குண்டூசி குத்தி இறுக்கியிருந்தார்கள். வாரத்துக்கு வாரம் குண்டூசி கூடிக்கொண்டே போனது.

பெட்டிக்குள் இரண்டு கட்டில்கள். பார்ப்பவர்கள் தப்பாக நினைக்கக் கூடாதென்று நடுவில் மூன்றடி இடைவெளி. ஒரு மேஜை, காகிதப் பூ, சோடாத் தண்ணீர். சிகரெட் பிடிக்கலாம், சாப்பிடக் கூடாது. இருவரில் யார் ஒரு வாய் சாப்பிட்டாலும் பந்தயம் போச்சு. இருபத்தெட்டு நாள் தாக்குப்பிடித்தால் நூறு பவுன். நர்ஸ் உடுப்பில் பிம்லட்டின் தங்கை தினமும் நாடி பிடித்துப் பார்ப்பாள். அவளுக்கும் வைத்தியத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவள் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்பதுதான்.

பெட்டிக்கு வலப்பக்கம் மீன் வறுக்கும் கடை. அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் பிம்லட். காலை பதினொரு மணிக்குக் கொழுப்பு காய்கிற வாசனை வரும்போது பட்டினித் தம்பதியின் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கே தனிக் கூட்டம் வரும். எஸ்தர் அதைத் தொழில் பாடமாக எடுத்துக்கொண்டாள். வலப்பக்கத்துக்காரன் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கொழுப்பை மாற்றுகிறான் என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஏனென்றால் அந்த நூறு பவுனும் ராம்ஸ்கிளஃப் காஸ் தெருவில் விலைக்கு வந்திருந்த ஒரு மீன் வறுவல் கடைக்குத்தான். மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விற்கலாம். முக்கியமாக, கடைக்கு மேலே இரண்டு அறைகள் இருந்தன.

அந்த இரண்டு அறைகளுக்காகத்தான் எஸ்தர் பட்டினி கிடந்தாள். மீன் வறுக்கிற ஆசை அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டரை வருடமாக மாமியார் வீட்டுப் பின்னறையில் குடித்தனம். கட்டில் கிரீச்சிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவாள். எஸ்தர் இஸ்திரி போட்டு வைத்த ஹெர்பர்ட்டின் சட்டையை எடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல், மறுபடி இஸ்திரி போடுவாள். சண்டை என்று ஒன்று வந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். சட்டை மறுபடி சூடாகிற வாசனையைத்தான் எஸ்தரால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு விஷயம் நடந்தது. பெட்டிக்குப் பின்னால் திரை மறைவில் குளியலறை. காலையில் முதலில் எஸ்தர் போய் வருவாள், பிறகு ஹெர்பர்ட் போவான். அன்று அவள் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது பிம்லட் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, அந்த அலமாரியில ஒரு தட்டு இருக்கு. மூடி வச்சிருக்கேன். நான் பாக்கல, நீங்களும் என்னைப் பாக்கல."

"தட்டுல என்ன?"

"ஹாம், பன்னிக்கறி. ரொட்டி. எல்லா ஜோடியும் இப்படித்தாம்மா. நெஜமாவே பட்டினி கெடக்க இதென்ன ஜெயிலா?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், மிஸ்டர் பிம்லட்."

பிம்லட் இருபது வருடமாகத் தொழிலில் இருப்பவர். இந்தப் பதிலை அவர் இதுவரை கேட்டதில்லை. எஸ்தரோ மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். பெட்டிக்குத் திரும்பியதும் மூச்சு வாங்க ஹெர்பர்ட்டிடம் சொன்னாள்.

"அப்படியே மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன், ஹெர்பர்ட்."

"சரியாச் சொன்ன கண்ணு" என்றான் ஹெர்பர்ட். "நம்மள யாருன்னு நினைச்சான் அந்தாளு!" சொல்லிவிட்டுச் சவரம் செய்து வருவதாகப் போனான். ஹெர்பர்ட் சவரத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். அவன் இன்சூரன்ஸ் தவணை வசூலிக்கிற வேலை பார்த்தவன். வீடு வீடாகப் போகிறவனுக்கு முகம் முக்கியம்.

நாட்கள் போயின. எஸ்தருக்கு எழுந்து நின்றால் கண் இருட்டியது. மோதிரம் விரலில் நிற்கவில்லை, நூல் சுற்றி இறுக்கிக்கொண்டாள். ஹெர்பர்ட் உற்சாகமாகவே இருந்தான். குழந்தைகளுக்குக் கை காட்டினான். ஆண்பிள்ளை உடம்பு இழுத்துப் பிடிக்கும் என்று சொன்னான். எஸ்தர் அதைக் கேட்டு நிம்மதியடைந்தாள். இரண்டு பேரில் ஒருவராவது தெம்பாக இருப்பது நல்லதுதானே.

அவர்கள் போட்ட கணக்கில் ஒரே ஒரு தப்பு. பெட்டிக்கு முதலில் வந்த கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாற்றுக் கண்ணாடி வரப் பத்து நாள் ஆனது. அதனால் இருபத்திரண்டாம் நாள், ராம்ஸ்கிளஃப் ஊரின் வேக்ஸ் வாரம் தொடங்குகிற சனிக்கிழமையில் வந்து விழுந்தது. வேக்ஸ் வாரம் என்றால் ஊரில் எல்லா ஆலையும் மூடிவிடும், புகைபோக்கியில் புகை வராது, பாதிரியார் முதல் பால்காரன் வரை அத்தனை பேரும் ரயிலேறி பிளாக்பூலுக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். வந்து அதே அண்டை வீட்டாருக்கு அடுத்த அறையில் தங்கி, அதே முகங்களைக் கடற்கரையில் பார்த்து, மாறுதலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஹெர்பர்ட்டும் எஸ்தரும் பிளாக்பூலில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் ஊரில் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணி ரயில் வந்ததும் எஸ்தர் வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிம்லட் வந்து, ஜனங்கள் இரண்டு பென்னி கொடுத்தது முதுகைப் பார்க்க அல்ல என்றார். திரும்பினாள். நேர் எதிரில் அவளுடைய அடுத்த தறிக்காரி பெஸ்ஸி ஹாலிவெல், சர்க்கரைக் குச்சியை வாயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடியே எஸ்தர்!" என்றது பெஸ்ஸியின் உதடு. "நீ துணி மடிக்கிற ஹோட்டலு இதுதானா?"

மாமியார் வருவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. குட்டையான உருவம், கறுப்புத் தொப்பி. முப்பத்தெட்டு வருடம் தறி ஓட்டியவள். வரிசையில் தள்ளாமல் முந்தாமல், இரண்டு பென்னி கொடுத்து, தன் முறை வந்ததும் கண்ணாடி முன்னால் நின்றாள். ஹெர்பர்ட் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான். மாமியார் முதலில் மகனைப் பார்த்தாள். அவன் கழுத்தை, கன்னத்தை, தாளைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு எஸ்தரைப் பார்த்தாள். அது ரொம்ப நேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாமியார் வெளியே போனாள்.

"அம்மா போய்ட்டாளா?" என்றான் ஹெர்பர்ட், தாளுக்குப் பின்னாலிருந்து.

"போய்ட்டாங்க. ஒண்ணுமே சொல்லல."

"பாத்தியா, நல்லபடியா எடுத்துக்கிட்டா."

ஞாயிற்றுக்கிழமை காட்சி கிடையாது. திங்கட்கிழமை, இருபத்துநான்காம் நாள், கதவு திறந்ததும் ராம்ஸ்கிளஃப் பெண்கள் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். முதல் ஆள் மாமியார். கையில் கூடை. கண்ணாடியருகே நின்று, தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி வாயை அகலத் திறந்து பேசினாள்.

"எத்தனை நாளாச்சு?"

"இருபத்துநாலு, அத்தை."

"அவனுக்கு?"

"அவருக்கும் அதேதான்."

மாமியார் கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "எதுக்குடி இந்தக் கூத்து?"

"காஸ் தெருக் கடை, அத்தை. மேல ரெண்டு ரூம் இருக்கு."

"என் வீட்டை விட்டுப் போகவா?"

உதட்டுப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. மென்று விழுங்கிப் பேச முடியாது. வார்த்தையை முழுதாகச் சொன்னால்தான் எதிராளிக்குப் புரியும், அப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் புரிந்துவிடும். எஸ்தர் அவள் முகத்தைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இருபத்துநாலு நாள் பட்டினியில் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"ஆமா, அத்தை."

வரிசையில் சர்க்கரைக் குச்சி சப்புவது நின்றது. மாமியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் போகவில்லை. ஓரமாக நகர்ந்து, கூடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எஸ்தருக்குத் தலை சுற்றியது. கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்துக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

அந்த நேரத்தில்தான் பிம்லட் இருபது வருடத் தொழிலில் தன்னுடைய ஒரே பெரிய தவறைச் செய்தார். பின்பக்கத் திரையைப் பாதி விலக்கி, எஸ்தர் தூங்குகிறாள் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஹெர்பர்ட்டை அருகில் கூப்பிட்டு ரகசியக் குரலில் பேசினார். அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்திப் பார்த்து வாங்கியவர் அவர். ஒரு சத்தமும் வெளியே போகாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் முகமும், அவர் பக்கம் பாதி திரும்பியிருந்த ஹெர்பர்ட்டின் முகமும் வரிசைக்கு நேராக இருந்தன.

எஸ்தர் கண் விழித்தபோது எதிரில் நாற்பது பேரும் அசையாமல் நின்றார்கள். அவளுடைய தலைக்கு மேலே, பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகக் கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், யாரும் இப்படிப் பார்த்ததில்லை. மாமியார் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"எந்திரி."

"என்ன, அத்தை?"

"உன் புருஷன் உள்ள தின்னுட்டிருக்கான்."

"இல்ல."

"இன்னிக்கு ஹாம் இல்ல, நாக்குக் கறின்னு அந்தாளு சொன்னான். இவன் தொட்டுக்க அரைச்ச கடுகு இருக்கான்னு கேட்டான்."

எஸ்தர் பெஸ்ஸியைப் பார்த்தாள். பெஸ்ஸிக்கு மாமியார்மேல் எந்தப் பிரியமும் கிடையாது, அவளுக்காகப் பொய் சொல்ல மாட்டாள். "கடுகுதான் எஸ்தர்" என்றாள் பெஸ்ஸி. "நானும் பாத்தேன்." அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க, கடைசி ஆள் வரை, உதடுகள் ஒரே வார்த்தையைச் சொல்லின. கடுகு.

"அவன் உள்ள போனதும் அந்தாளு தன் தங்கச்சிகிட்ட என்ன சொன்னான் தெரியுமா? வியாழக்கிழமை கையும் களவுமா புடிச்சிடலாம், நூறு பவுன் மிச்சம்னான். வருசா வருசம் இதே வேலை போல."

எஸ்தர் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும், அத்தை?"

"சனிக்கிழமையே. பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் கழுத்துல ஒரு சுத்து ஏறியிருக்கு."

"ஏன் சொல்லல?"

மாமியாரின் முகம் கோணியது. "என் புள்ளடி" என்றாள். "சொல்ல வாய் வரல. உன் முகத்தைப் பாத்த பின்னாடி ரெண்டு ராத்திரி தூங்கல. ஆனா வாய் வரல."

திரை விலகி ஹெர்பர்ட் வந்தான். அவன் பெல்ட் முதல் நாள் மாட்டிய அதே ஓட்டையில் மாட்டியிருந்தது. இதை எஸ்தர் இருபத்துநாலு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்ப்பது வேறு, பார்த்ததை நம்புவது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

"மீசையில கடுகு, ஹெர்பர்ட்."

ஹெர்பர்ட் கையை உயர்த்தித் துடைத்தான். என்ன கடுகு என்று கேட்க வேண்டும் என்பது அவனுக்குத் துடைத்த பிறகுதான் தோன்றியது.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"மூணாவது நாள் நான் வந்து, வேணாம்னுட்டேன்னு சொன்னேனே. சரியாச் சொன்னேன்னியே."

"சரியாத்தானே சொன்ன? உன்னப் பொறுத்தவரைக்கும் அது சரி." ஹெர்பர்ட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "நாளைக்குக் கடை நடத்த ஒருத்தருக்காவது தெம்பு வேணாமா கண்ணு? நீயும் எப்படியாவது ரெண்டு வாய் சாப்பிட்டுக்குவன்னு நினைச்சேன்."

"உன் எதிர்லயே படுத்திருக்கேன் ஹெர்பர்ட். மூணடி தூரத்துல."

"பசிக்குதுன்னு நீ ஒரு தடவகூடச் சொல்லலையே."

எஸ்தருக்கு முதலில் வந்தது கோபமில்லை, பசி. இத்தனை நாளும் பசி இருந்தது, ஆனால் அது இரண்டு பேருடைய பசி. அவன் பக்கத்துப் பசியும் சேர்ந்து இருக்கிறது என்பதுதான் அவளைத் தாங்கியது. இப்போது அது முழுக்க அவளுடையது மட்டும். இருபத்துநாலு நாளும் மொத்தமாக வந்து வயிற்றில் உட்கார்ந்தது. அவளுக்கு அழவேண்டும் போல இருந்தது, அதற்கும் உடம்பில் ஒன்றும் இல்லை.

இதற்குள் மாமியார் வரிசைக் கயிற்றுக்குக் கீழே குனிந்து புகுந்து, நர்ஸ் உடுப்பில் நின்ற தங்கையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, பின்பக்கமாகப் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டாள். கூடையிலிருந்து மூடி போட்ட ஒரு தகரக் கிண்ணத்தை எடுத்தாள். வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய பாலில் ஊறிய ரொட்டி. ராம்ஸ்கிளஃப்பில் காய்ச்சல்காரர்களுக்கும் பல் முளைக்காத குழந்தைகளுக்கும் கொடுப்பது.

பிம்லட் ஓடிவந்தார். "அம்மா, அம்மா! அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டா பந்தயம் போச்சு. விதி நாலு!"

"போக என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் மாமியார். "என் புள்ளைக்கு நாக்குக் கறி குடுத்து, வியாழக்கிழமை நீயே புடிக்கப் போறதா உன் தங்கச்சிகிட்ட சொன்னியே. நாப்பது பேர் சாட்சி."

பிம்லட் கண்ணாடியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தன் கூடத்தில் யாரோ உளவாளி புகுந்துவிட்டான் என்று அதற்குப் பிறகு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை.

மாமியார் எஸ்தரின் கட்டிலில் உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தாள். "மெதுவா. ஒரு வாய். நிறுத்து. இருபது வரைக்கும் எண்ணு. இருபத்தாறாம் வருசம் ஸ்டிரைக் முடிஞ்சதும் வயிறு முட்டத் தின்னவனெல்லாம் என்ன ஆனான்னு எனக்குத் தெரியும்."

முதல் வாய் எஸ்தரின் நாக்கில் இனித்தது. நாலாவது வாயில் அழுகை வந்துவிட்டது. மாமியார் கைக்குட்டையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு ஐந்தாவது வாயை ஊட்டினாள். கண்ணாடிக்கு வெளியே பெஸ்ஸி தேம்பிக்கொண்டிருந்தாள். பட்டினிப் பெண் சாப்பிடுகிறாள் என்ற செய்தி கடற்கரைச் சாலையில் பரவி, தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் காலியாகி, கூட்டம் வாசல் வரை நெருக்கியது. பிம்லட் கட்டணத்தை மூன்று பென்னியாக உயர்த்தினார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

பதினோரு வாயோடு மாமியார் நிறுத்தினாள்.

"அம்மா, மிச்சம் இருக்கா?" என்றான் ஹெர்பர்ட்.

"இருக்கு" என்ற மாமியார், கிண்ணத்தை மூடினாள்.

கவுனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். முதுகிலிருந்து நாற்பத்தொரு குண்டூசி எடுத்தார்கள். எஸ்தர் தன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு மாமியார் கையைப் பிடித்து எழுந்தாள்.

"நானும் வரவா?" என்றான் ஹெர்பர்ட். அதை அவன் தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான். எஸ்தரைப் பார்க்கவில்லை.

"உனக்கென்னடா, இங்க சாப்பாடு போடுறாங்களே" என்றாள் மாமியார்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் புதுப் போர்டு வந்துவிட்டது: "மனைவி கைவிட்ட மாப்பிள்ளை! சோகத்தில் பட்டினி! ஏழு நாள்!" ஹெர்பர்ட் பத்துப் பவுனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ராம்ஸ்கிளஃப் பெண்கள் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது போல இரண்டு பேர் முன்பக்கமும், இரண்டு பேர் பின்வாசலிலும் வந்து நின்றுவிடுவார்கள். திரை ஒரு அங்குலம் அசைந்தால் பெஸ்ஸி போலீஸ்காரரைக் கூட்டிவருவாள். ஹெர்பர்ட் புதன்கிழமையே பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

எஸ்தர் போய்ப் பார்க்கவில்லை. மாமியாரும் போகவில்லை. "பாத்த மூஞ்சிதானே" என்றாள்.

இருவரும் மாமியார் எடுத்திருந்த விடுதி அறையில் ஒரே கட்டிலில் படுத்தார்கள். விடுதிக்காரி கறாரானவள். மேஜையில் உப்பு, மிளகு வைப்பதற்கே தனிக் காசு வாங்குகிறவள். ஆள் கூடினால் முழு வாரத்துக்கும் கட்டணம் என்றாள். மாமியாரிடம் அவ்வளவு இல்லை. ஒரு ஆள் சாப்பாட்டுக்குத்தான் பணம், இன்னொரு ஆள் படுத்துக்கொள்ள மட்டும் என்று பேசி முடித்தாள். காலையில் மாடிக்குத் தட்டு வரும். முட்டை, ரொட்டி, தேநீர். "நான் கீழேயே சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லித் தட்டை எஸ்தர் மடியில் வைப்பாள் மாமியார்.

வியாழக்கிழமை மதியம் நல்ல வெயில். இருவரும் கடற்கரையில் வாடகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் ஒரு பொட்டலம் வேகவைத்த இறால் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றாக உரித்து எஸ்தர் பக்கம் நீட்டினாள். எஸ்தர் சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நிற்க முடிந்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள போனதே உங்க வீட்டை விட்டு வரத்தான், அத்தை" என்றாள் எஸ்தர்.

"தெரியும். நீ சொன்னப்ப ஊரே படிச்சுது."

"தப்பா நினைச்சுக்காதீங்க."

"தப்பாத்தான் நினைச்சேன். ரெண்டு மணி நேரம்." மாமியார் இன்னொரு இறாலை உரித்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்கிட்ட வந்து, நீங்க வீட்ட விட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கலாம் நீ. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா பட்டினி கெடக்க விட்டிருக்க மாட்டேன்."

வாயைத் திறந்தால் மறுபடி அழுதுவிடுவோம் என்று பயந்து எஸ்தர் இன்னொரு இறாலை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை ரயிலுக்கு வர்றியா?"

"வரேன். சட்டைய நான் ஒரு தடவ இஸ்திரி போட்டா போட்டதுதான்."

"யார் சட்டை? அவன் சட்டைய இனிமே அவனே போட்டுக்கட்டும்" என்றாள் மாமியார். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை அப்படியே எஸ்தர் மடியில் வைத்தாள். "இதையும் சாப்பிடு."

"நீங்க?"

"நான்தான் காலையில கீழ ரெண்டு முட்டை தின்னேனே."

எஸ்தர் திரும்பி அவளைப் பார்த்தாள். கறுப்புத் தொப்பிக்குக் கீழே கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணைச் சுற்றிப் பட்டினியின் மங்கல். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மாடிக்கு வந்தது ஒரே தட்டு, அதை முழுக்கச் சாப்பிட்டது தான்தான் என்பது எஸ்தருக்கு அப்போது உறைத்தது.

அவள் ஒரு இறாலை உரித்து நீட்டினாள்.

"வாயத் தொறங்க, அத்தை."

"எனக்கு எதுக்குடி? நான்தான் சாப்பிட்டேன்னு..."

"இருபத்துநாலு நாள் பட்டினி கெடந்தவ நான். பசிச்ச மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நாலு நாற்காலி தள்ளி பெஸ்ஸி ஹாலிவெல் இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி பாக்குற?" என்று உதட்டாலேயே அதட்டிவிட்டு, மாமியார் வாயைத் திறந்தாள்.